நூற்றுக்கு எத்தனை: குத்துச்சண்டைக் கணிப்பின் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பனிலும் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை சரிபார்க்கும் இடத்திலும் டீக்கடையிலும் பேச்சு நீளும் காலம் அது. 2024-இல் அந்தத் தடைக்காலத்தின் நடுவில்தான், மே 18 இரவு ரியாத்தில், பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும், குத்துச்சண்டையின் மிகக் கனமான எடைப் பிரிவான ஹெவிவெயிட்டின் நான்கு உலகப் பட்ட பெல்ட்டுகளுக்கும் சேர்த்து மோதினார்கள். நமக்கு அது மே 19 விடியற்காலை. இப்படியொரு சண்டை வரும்போதெல்லாம் “யாருண்ணே ஜெயிப்பா?” என்ற கேள்வி வரும். அதற்கு ஒரு பெயரை மட்டும் பதிலாகச் சொன்னால் அது ஆசை, அல்லது அபிமானம். கணிப்பு என்றால் அதில் ஓர் எண் இருக்க வேண்டும்: நூற்றுக்கு எத்தனை?

இந்தக் கரைக்கு அது புதிதல்ல. பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நாளைக்கே புயல் பாம்பனில் அடிக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தூரக் கடலில் ஏதோ உருவாகிறது, கவனமாக இரு என்பதுதான் அதன் பொருள். எண் கூடக் கூட ஆபத்து கூடும். வரும், வராது என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே பல படிகள் உண்டு. குத்துச்சண்டையிலும் அந்தப் படிகளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதல் படி, இருவரும் மோதினால் என்ன ஆகும் என்று பார்ப்பது. “யார் பெரிய ஆள்” என்பது வேறு கேள்வி. 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃப்ரேசியர் முகமது அலியைப் புள்ளிகளில் வென்றார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மேன் 1973 ஜனவரியில் இரண்டே சுற்றுக்குள் ஆறு முறை தரையில் விழவைத்து முடித்தார். நார்ட்டனுக்கும் 1974-இல் அவரிடம் அதே இரண்டு சுற்றுதான். அலியைத் தோற்கடித்த இருவரையும் நொறுக்கியவர் ஃபோர்மேன். அப்படியானால் அலி அவரிடம் தப்பவே முடியாது. கூட்டல் கழித்தல் கணக்கு அப்படித்தான் சொன்னது. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் விழுந்தவர் ஃபோர்மேன்.

எங்கே பிசகியது? ஃப்ரேசியரும் நார்ட்டனும் முன்னேறி வந்து மோதுகிறவர்கள். ஃபோர்மேனின் கனமான குத்துக்கு அவர்களே எதிரே வந்து நின்றார்கள். அலி கயிற்றில் சாய்ந்து, கையால் முகத்தை மூடி, ஃபோர்மேனைக் குத்தவிட்டே களைப்படைய வைத்தார். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வாடைக் காற்றுக் காலத்தில் கொந்தளிப்பது வடகடல். தென்மேற்குக் காற்று பலக்கும்போது பெரிய அலை தென்கடலில். ஒரு கடலில் நின்ற படகு மறு கடலிலும் அப்படியே நிற்கும் என்று படகை ஓட்டும் எந்தத் தண்டலும் சொல்லமாட்டார். ‘அ’ ‘ஆ’வை வென்றார், ‘ஆ’ ‘இ’யை வென்றார், ஆகவே ‘அ’ ‘இ’யை வெல்வார் என்ற சங்கிலி குத்துச்சண்டையில் அடிக்கடி அறுந்துபோகும். சதுரங்கத்திலிருந்து வந்த ஈலோ தரவரிசை முறை அந்தச் சங்கிலியை நம்பித்தான் நிற்கிறது. அதன்படி 200 புள்ளி அதிகம் உள்ளவருக்கு நூற்றுக்கு 76, 400 அதிகம் உள்ளவருக்கு 91. சதுரங்கத்தில் ஒருவர் ஆண்டுக்கு எத்தனையோ ஆட்டம் ஆடுகிறார், பிழை தானாகச் சரியாகிவிடும். பெரிய குத்துச்சண்டை வீரர் ஆண்டுக்கு இரண்டு முறை மேடை ஏறினாலே அதிகம். அதனால் ஈலோ எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வீடியோ பார்ப்பது. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். இருவருடைய கடைசி நான்கு சண்டைகளையும் ஒலியை அணைத்துவிட்டு முழுதாகப் பார்க்க வேண்டும். வர்ணனையாளரின் குரலும் கூட்டத்தின் கூச்சலும் கண்ணை ஏமாற்றும். கையுறையில் பட்ட குத்தும் முகத்தில் பட்டதுபோலத் தெரியும். முதல் தடவை சுற்றுக்குச் சுற்று யாருக்குப் புள்ளி என்று எழுதுங்கள். இரண்டாம் தடவை குத்துகிற கையைப் பார்க்காமல் மற்றக் கையையும் கால்களையும் மட்டும் பாருங்கள். ஜாப் (முன்னே நிற்கும் கையால் நேராக விடும் குத்து) போன கை எந்த உயரத்தில் திரும்பி வருகிறது? பின்வாங்கும்போது நேர்கோட்டில் போகிறாரா, பக்கவாட்டில் விலகுகிறாரா? எட்டாவது சுற்றுக்குமேல் பாதங்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா? இடதுகைக்காரர் எதிரே நின்றால் யாருடைய முன்கால் வெளிப்பக்கம் இருக்கிறது? உடம்பில் ஒரு நல்ல ஹூக், அதாவது வளைத்து விடும் குத்து, வாங்கினால் முழங்கை கீழே இறங்கிவிடுகிறதா?

அந்த முதல் கேள்வி ஒன்றே சரித்திரத்தை மாற்றியிருக்கிறது. 1936-இல் ஜோ லூயிஸ் தோல்வியே காணாதவர். அவரை எதிர்க்க வந்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கைப் பலரும் பலிகடா என்றே நினைத்தார்கள். ஷ்மெலிங் லூயிஸின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். லூயிஸ் இடது ஜாப் போட்டபின் அந்தக் கையை நேராக முகத்துக்குக் கொண்டுவராமல் சற்றுத் தாழ்த்தி இழுத்தார். அந்த அரை நொடி அவருடைய இடது தாடை திறந்து கிடந்தது. ஜூன் 19 அன்று நியூயார்க்கில் ஷ்மெலிங்கின் வலது கை சுற்றுக்குச் சுற்று அந்த இடைவெளிக்குள்ளேயே போய் விழுந்தது. நான்காவது சுற்றில் லூயிஸ் ஒருமுறை விழுந்தார். பன்னிரண்டாவது சுற்றில் எழவில்லை.

இதன் மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகமே பார்த்துவிட்ட குறையை நல்ல பயிற்சியாளர் அப்படியே விட்டுவைக்கமாட்டார். 1938 ஜூன் 22 அன்று இருவரும் மறுபடி மோதியபோது லூயிஸ் 124 நொடியில் ஷ்மெலிங்கை முடித்துவிட்டார். பழைய குறையை வைத்தே புதிய சண்டையைக் கணிப்பவர் இப்படித்தான் ஏமாறுகிறார். ஒரு குறை கடைசி இரண்டு சண்டையிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கைநீளம், உயரம், வயது ஆகியவை தொலைக்காட்சியில் பெரிதாகக் காட்டப்படும் எண்கள். அவற்றுக்கு அந்த அளவு எடை கொடுக்கத் தேவையில்லை. 2019 ஜூன் ஹெவிவெயிட் பட்டச் சண்டையில் ஆண்டனி ஜோஷுவாவின் கைநீளம் 82 அங்குலம். ஏறக்குறைய ஒரு மாத அவகாசத்தில் மாற்று ஆளாக வந்த ஆண்டி ரூயிஸுக்கு 74. மூன்றாவது சுற்றில் ரூயிஸ்தான் முதலில் விழுந்தார். எழுந்து வந்து அதே சுற்றில் ஜோஷுவாவை இரண்டு முறை விழவைத்தார், ஏழாவதில் முடித்தார். எட்டு அங்குலம் அதிகம் என்பது தூரத்தில் நிற்கும்வரைதான் உதவும். உள்ளே புகுந்துவிட்டால் குட்டைக் கையின் வேகம்தான் பேசும்.

எடையை மட்டும் கவனமாகப் பாருங்கள். எடை வகுப்புச் சண்டைகளில் முதல் நாளே எடை பார்த்துவிடுவார்கள். 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ வரம்பைத் தொட, பலர் கடைசி நாள்களில் உடம்பிலுள்ள நீரை வற்றவைக்கிறார்கள். பிறகு ஒரு நாளில் அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். தண்ணீர் போதாமல் வெயிலில் வலை இழுத்தவர்களுக்கு, கை எவ்வளவு சீக்கிரம் கனக்கும் என்று தெரியும். எடை மேடையில் கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து, நிற்கவே தள்ளாடுகிறவர் ஆறாவது சுற்றுக்குமேல் தளர்வார் என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவையே எடையைத் தொட முடியாமல் போனவருக்கும் அப்படியே. உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப், பல ஆண்டுகள் பட்டச் சண்டைக்கு அன்றைய காலையிலும் எடை பார்த்துவந்தது. வரம்பைவிட 10 பவுண்டுக்குமேல் ஏறியிருக்கக் கூடாது என்பது அதன் விதி.

இனிக் கணக்கு. பட்டச் சண்டை 12 சுற்று, ஒவ்வொன்றும் 3 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை விழுந்தால் பெரும்பாலும் 8. வீடியோ பார்த்து, எந்தச் சுற்றையும் ராமு வெல்ல நூற்றுக்கு 60, சோமு வெல்ல 40 என்று நீங்கள் மதிப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். 12 சுற்றில் ராமு ஏழோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு 66.5 சதவீதம், ஆறுக்கு ஆறு 17.7, சோமு முந்துவது 15.8. இதே இருவரும் ஒலிம்பிக்போல மூன்று சுற்று மட்டும் ஆடினால் சோமுவின் வாய்ப்பு 35-க்கு ஏறிவிடும். சுற்று கூடக் கூடத் திறமைசாலிக்கு லாபம். குறையக் குறைய எதிராளிக்கு லாபம்.

ஆனால் சோமுவின் கை கனமானது. எந்தச் சுற்றிலும் அவர் ஆட்டத்தை முடித்துவிட நூற்றுக்கு 3 வாய்ப்பு, ராமுவுக்கு 1 என்று வையுங்கள். மூன்று என்பது அற்பமாகத் தோன்றும். ஒரு சுற்று யாரும் முடிக்காமல் கடப்பது 96 சதவீதம், 0.96-ஐ 12 முறை பெருக்கினால் 0.613. அதாவது மணி அடித்து முடியும்வரை போவது 61 சதவீதம்தான். மீதி 39-இல் முக்கால் பங்கு, 29, சோமுவுக்கு, 10 ராமுவுக்கு. புள்ளிவரை போகும் 61-ஐ மேலே சொன்னபடி பிரித்து, சமன் வருவதை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தால், மொத்தம் ராமுவுக்கு 56, சோமுவுக்கு 44. குத்தின் கனத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் ராமுவுக்கு 75 என்று எழுதியிருப்போம். கணிப்புகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்: நன்றாக ஆடுபவரைப் பார்த்து மயங்கி, ஒற்றைக் குத்தின் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்காமல் விடுவது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. சுற்றுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று அது நினைக்கிறது. உண்மையில் மூன்றாவது சுற்றில் விலாவில் வாங்கியது பத்தாவது சுற்றில்தான் வலிக்கும். ஆகவே கடைசி நான்கு சுற்றுக்கு மட்டும் தனி எண் போடுங்கள்.

பிறகு நடுவர்கள். மூன்று பேர், மேடையின் மூன்று பக்கம். ஒருவருக்குத் தெரிந்த குத்து இன்னொருவருக்கு முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கம்ப்யூபாக்ஸ் என்ற நிறுவனம் ஆளுக்கு ஒரு வீரர் என்று இரண்டு பேரை உட்காரவைத்து, குத்து பட்டதா, தவறியதா என்று பொத்தானை அழுத்தி எண்ணுகிறது. 2017 ஜூலையில் பிரிஸ்பேனில் மேனி பாக்கியாவ் 182 குத்துகளைப் பதித்தார், உள்ளூர்க்காரர் ஜெஃப் ஹார்ன் 92. நடுவர்கள் மூவரும் ஹார்னுக்கே கொடுத்தார்கள்: 117-111, 115-113, 115-113. நடுவர் பார்ப்பது மொத்த எண்ணிக்கையை அல்ல, சுற்றை. யார் முன்னேறினார், யார் பின்வாங்கினார் என்ற தோற்றமும் அதில் கலந்துவிடும். சண்டை ஒருவருடைய சொந்த ஊரில் என்றால், நெருக்கமான சுற்றுகளில் அவருக்குக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

பந்தய நிறுவனங்களின் விகிதமும் ஒரு தகவல்தான். ஒரு ரூபாய் கட்டி வென்றால் கைக்கு வருவது ஒருவருக்கு 1.50, மற்றவருக்கு 2.70 என்றால், 100-ஐ அவற்றால் வகுத்து வரும் 66.7, 37.0 இரண்டையும் கூட்டுங்கள்: 103.7. அந்த 3.7 நிறுவனத்தின் லாபம். அதைக் கழித்துச் சமன்செய்தால் 64, 36. உங்கள் எண்ணோடு ஒப்பிட அது போதும். பணம் கட்டுவது வேறு சமாச்சாரம். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் இருக்கிறது, கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பார்த்துக் கொண்டுவந்த சட்டம் அது.

கணிப்பு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் மைக் டைசனைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். அதற்கு முன் டக்ளஸுக்கு 42-க்கு 1 என்று விகிதம் போட்டிருந்தார்கள், சுமார் 2 சதவீதம். 2 சதவீதம் நடப்பதும் உண்டு, ஆகவே ஒரு சண்டையை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பல சண்டை வேண்டும், அளவுகோலும் வேண்டும். அந்த அளவுகோல் வானிலைக்காரர்களிடமிருந்து வந்தது. 1950-இல் கிளென் பிரையர் மழைக் கணிப்புகளை மதிப்பிட ஒரு முறை சொன்னார்: நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 70 சொன்னீர்கள், அவர் வென்றார்: 0.3-இன் வர்க்கம் 0.09. தோற்றார்: 0.49. எப்போதும் 50 என்றே சொல்பவருக்கு எப்போதும் 0.25. இருபது முப்பது சண்டைக்குப் பிறகு உங்கள் சராசரி 0.25-க்குக் கீழே இருந்தால்தான் உங்கள் கண்ணுக்கு ஏதோ தெரிகிறது என்று அர்த்தம்.

ரியாத்துக்குத் திரும்புவோம். நடுவர்கள் உசிக்குக் கொடுத்தது 115-112, 114-113. மூன்றாமவர் 114-113 என்று ஃபியூரிக்கு. ஒன்பதாவது சுற்றில் ஃபியூரி தள்ளாடி, கயிறு தாங்கியதால் மட்டும் நின்றார். மேடைக்குள் நிற்கும் ரெஃப்ரி அதை விழுந்ததாகக் கணக்கிட்டார். அந்த ஒரு புள்ளி ஃபியூரிக்குத் திரும்பக் கிடைத்திருந்தால் 115-113, 114-114, 113-115. யாருக்கும் வெற்றி இல்லை. முதல் நாள் உசிக்குக்கு 55 கொடுத்தவரும் ஃபியூரிக்கு 55 கொடுத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சுற்றைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர், கடைசி நான்கு சுற்றுக்கு உசிக் பக்கம் எண்ணைக் கூட்டி, டிசம்பர் 21 மறுசண்டைக்கு 60 என்று நோட்டில் எழுதியிருக்கலாம். மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். 0.4-இன் வர்க்கம் 0.16, அந்த வரிக்கு எதிரே எழுத வேண்டிய எண் அது.