அடித்துவிட்ட கடைசிப் பத்தி

1931-ஆம் ஆண்டு மே 9 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பிரபஞ்சம் முழுவதும் ஒரு காலத்தில் ஒற்றை அணுவைப் போல ஒடுங்கிக் கிடந்தது, அது உடைந்து உடைந்துதான் இன்றைக்கு நாம் பார்க்கும் எல்லாம் உண்டாயின என்றது அந்தக் கடிதம். எழுதியவர் ஜார்ஜ் லெமைத்ரே. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், கத்தோலிக்கக் குரு.

அவர் தட்டச்சு செய்த மூலப்பிரதியில், இதழில் வராத பத்தி ஒன்று கடைசியில் இருக்கிறது. எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பரம்பொருளை நம்புகிறவர்கள், அந்தக் கடவுள் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள். இன்றைய இயற்பியல் படைப்பின் மீது ஒரு திரையைப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து அவர்கள் சந்தோஷப்படலாம். இதுதான் அந்தப் பத்தியின் சாரம். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கடிதத்தை அனுப்பினார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. இயற்பியல் மீதும் தீராத ஆசை உண்டு. இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கோடுதான். நம்பிக்கை இல்லாததால் போட்ட கோடு அல்ல அது. சாகும்வரை அவர் குருவாகவே இருந்தார். அப்படியென்றால் ஏன் அடித்தார்? அது புரிய வேண்டுமானால், அவர் கண்டுபிடித்தது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

லெமைத்ரே 1894-இல் ஷார்ல்ருவா நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். 1923-இல் குருப்பட்டம். அடுத்த மாதமே கேம்பிரிட்ஜ் போய் வானியலாளர் எடிங்டனிடம் படித்தார், அப்புறம் அமெரிக்காவில் ஹார்வர்டு. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அப்போது புதுசு. வெளி என்பது பொருள்கள் இருக்கும் காலி இடம் மட்டுமல்ல, அதுவே வளையும், நீளும், சுருங்கும் என்று சொல்லும் கோட்பாடு அது. அந்தச் சமன்பாடுகளைப் பிரபஞ்சம் முழுமைக்கும் போட்டுப் பார்த்தார் லெமைத்ரே. பிரபஞ்சம் அசையாமல் நிற்கவில்லை, விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். ரஷ்யாவில் ஃபிரீட்மன் 1922-லேயே இதே கணிதத்துக்கு வந்திருந்தார். அது லெமைத்ரேவுக்குத் தெரியாது. ஃபிரீட்மன் செய்யாத ஒன்றை இவர் செய்தார். வானியலாளர்கள் அளந்து வைத்திருந்த தூரங்களையும் வேகங்களையும் எடுத்து, கணிதத்தோடு ஒட்டிப் பார்த்தார்.

இந்த விரிவை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தையல் சாமான் கடையில் எலாஸ்டிக் நாடா கால் மீட்டர் வாங்கி, பேனாவால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு முனையையும் பிடித்து இருமடங்கு நீளத்துக்கு இழுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொண்டால், பக்கத்துப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பத்தாவது புள்ளி அதே நேரத்தில் பத்து சென்டிமீட்டர் போயிருக்கும். எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம். இன்னொரு புள்ளிக்கு மாறி நின்று பாருங்கள், அங்கேயும் அதே கணக்குத்தான். எந்தப் புள்ளியும் நடு அல்ல, எந்தப் புள்ளியும் நாடாவின் மேல் நகரவும் இல்லை. நாடாதான் நீள்கிறது.

விண்மீன் திரள்களும் அப்படித்தான். அவை விலகுவது நமக்கு எப்படித் தெரிகிறது? வெளி நீளும்போது அதில் பயணம் செய்யும் ஒளியின் அலையும் சேர்ந்து நீள்கிறது. ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 656.3 நானோமீட்டர். ஒளி வந்து சேர்வதற்குள் பிரபஞ்சம் பத்து சதவீதம் விரிந்திருந்தால், அதே கோடு நம் கருவியில் சுமார் 722 நானோமீட்டரில் விழும். இதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம்.

1929-இல் அமெரிக்க வானியலாளர் ஹப்பிள் இந்தத் தூர-வேக உறவை வலுவான அளவீடுகளோடு வெளியிட்டார். பெயர் அவருக்குப் போனது. லெமைத்ரேயின் கட்டுரை பிரெஞ்சு மொழியில், அதிகம் பேர் படிக்காத ஒரு பெல்ஜிய இதழில் கிடந்தது. 1931-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு வேகம் என்ற எண்ணைக் கணக்கிட்ட பகுதி அதில் இல்லை. யாரோ சதி செய்து வெட்டினார்கள் என்று வெகுகாலம் பேச்சு இருந்தது. மொழிபெயர்த்தவரே லெமைத்ரேதான், புதிய அளவீடுகள் வந்துவிட்ட பிறகு பழையதைத் திரும்ப அச்சிட வேண்டாம் என்று அவரே விட்டிருக்கிறார் என்பது 2011-இல் தெரியவந்தது. இந்த மனிதர் எதை அச்சிடுவது, எதை விடுவது என்பதில் எவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு இது இன்னொரு சாட்சி. 2018-இல் உலக வானியல் ஒன்றியம் அந்த விதியை ஹப்பிள்-லெமைத்ரே விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

சரி, நாடாவைத் தளர்த்தினால்? புள்ளிகள் நெருங்கும். பிரபஞ்சத்தின் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கி, அடர்ந்து, சூடேறிக்கொண்டே போகும். சமன்பாட்டில் ஓர் இடத்தில் அடர்த்தி முடிவிலி ஆகிவிடும். பலர் இந்த இடத்தில்தான் "இதோ கடவுள்" என்கிறார்கள். ஆனால் ஒரு சமன்பாடு முடிவிலியைக் காட்டினால் இயற்பியலாளருக்கு அதன் பொருள், இந்தச் சமன்பாடு இதற்கு மேல் செல்லாது என்பதுதான். அவ்வளவு சின்ன அளவில், அணுக்களின் உலகத்தை ஆளும் குவாண்டம் விதிகளைச் சேர்க்காமல் பொதுச் சார்பியலை மட்டும் நம்ப முடியாது.

லெமைத்ரே 1931-லேயே இதைத் தொட்டுவிட்டார். எல்லாம் ஒரே குவாண்டமாக, அதாவது பிரியாத ஒற்றைத் துணுக்காக இருந்தபோது இடம், காலம் என்ற சொற்களுக்கே பொருள் கிடையாது. அது போதுமான அளவு பல துண்டுகளான பிறகுதான் அவற்றுக்குப் பொருள் வருகிறது என்று எழுதினார். வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு நீர் மூலக்கூறை எடுத்துவைத்துக்கொண்டு அது கொதிக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று கேட்க முடியாது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்த பிறகுதான் அந்தக் கேள்வியே வரும். காலமும் அப்படிப் பிறகு வந்த ஒன்றாக இருந்தால், "அதற்கு முன்னால் என்ன?" என்ற கேள்விக்கு நிற்க இடம் இல்லை. அடித்துவிட்ட பத்தியில் அவர் திரை என்று சொன்னது இதைத்தான். படைப்பைப் பார்த்துவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை. இயற்பியலால் அதைப் பார்க்கவே முடியாது என்று சொன்னார்.

இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய சபையின் தலைவரே அதற்கு நேர்மாறாகப் பேசினார். 1951 நவம்பர் 22 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கான் அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். நவீன அறிவியல் காலத்தைப் பின்னோக்கிக் கடந்து போய், "ஒளி தோன்றுக" என்ற அந்த ஆதிச் சொல்லுக்கே சாட்சி ஆகிவிட்டது என்பது அவர் பேச்சின் சாரம். லெமைத்ரே அந்தக் கழகத்தின் உறுப்பினர். வேறொருவராக இருந்தால் பூரித்துப் போயிருப்பார். இவருக்கோ அது பெரிய சங்கடமாகப் போயிற்று. தன் கோட்பாடு அறிவியல் கருதுகோள். நாளைக்குத் தவறென்று ஆகலாம். அதன் தோளில் வேதத்தை ஏற்றினால் அது விழும்போது வேதமும் விழும். மறுபக்கம், வேதம் ஏறி உட்கார்ந்த கோட்பாட்டை மற்ற இயற்பியலாளர்கள் நடுநிலையோடு பார்க்க மாட்டார்கள். இந்த இரண்டாவது பயம் வெறும் கற்பனை அல்ல. 'பெருவெடிப்பு' என்ற பெயரையே 1949-இல் பிபிசி வானொலியில் முதலில் சொன்ன வானியலாளர் ஃபிரெட் ஹாயில், அந்தக் கோட்பாட்டில் மதவாடை அடிக்கிறது என்று அதை ஒதுக்கியவர். பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் போல இருக்கிறதே என்று ஒருவர் ஏற்கிறார், ஆதியாகமம் போல இருக்கிறதே என்று இன்னொருவர் மறுக்கிறார். இரண்டு பேருமே வானத்தைப் பார்க்கவில்லை.

1952-இல் லெமைத்ரே தன் கவலையை ரோமில் நேரிலேயே தெரிவித்தார். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஓகானலும் அவர் பக்கம் நின்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் உலக வானியல் ஒன்றியத்தின் மாநாடு ரோமில் நடந்தபோது, வந்திருந்த வானியலாளர்களிடம் போப் மீண்டும் பேசினார். பழைய வாதம் அந்தப் பேச்சில் இல்லை.

அதே ரோம் மாநாட்டில் நடந்த இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விலகும் வேகத்தைத் தூரத்தோடு ஒப்பிட்டால் பிரபஞ்சத்தின் வயது தோராயமாகக் கிடைக்கும். ஹப்பிளின் எண், 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கு விநாடிக்கு 500 கிலோமீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள். பூமியின் பாறைகளோ கதிரியக்கக் கணக்குப்படி அதைவிட மூத்தவை. பிள்ளைக்குத் தாயைவிட வயது கூடுதல்! லெமைத்ரேயும் இதைச் சமாளிக்க ஐன்ஸ்டைன் கைவிட்ட ஒரு மாறிலியை விடாமல் வைத்துக்கொண்டிருந்தார். ரோமில் வானியலாளர் வால்டர் பாடே எழுந்து, தூரத்தை அளக்கப் பயன்பட்ட செபீடு விண்மீன்களில் இரண்டு வகை இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டதால் தூரமெல்லாம் பாதியாகக் கணக்கிடப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். ஒரே நாளில் பிரபஞ்சத்தின் வயது இரட்டிப்பானது. பின்னால் அளவீடுகள் திருந்தத் திருந்த அந்த 500 சுமார் 70-க்கு இறங்கியது. இன்றைய வயது 1,380 கோடி ஆண்டுகள். முந்தின நவம்பரில் வேதத்துக்குச் சாட்சியாக நின்ற கணக்கு, பத்தே மாதத்தில் இப்படி மாறியது. அறிவியலுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, அதன் நடையே அதுதான்.

நம் ஊரிலும் இதே ஆசை இருக்கிறது. திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்ற அடியைக் காட்டி, மாணிக்கவாசகர் அன்றே பெருவெடிப்பைச் சொல்லிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்க்காதவர்கள் குறைவு. அனுப்புகிறவர்கள் அன்போடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அடுத்த இரண்டு அடியைப் படியாமல் அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசியைப் போல, இத்தனை கோடி அண்டங்களும் அவன் முன்னால் சிறியவையாகிவிடும். அவ்வளவு பெரியவன் அவன் என்கிறார். ஓட்டு வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் காட்சி: உடைந்த ஓட்டின் வழியே சாய்ந்து இறங்கும் வெயில், அதில் மேலும் கீழும் அலையும் பொடித் தூசி. மாணிக்கவாசகர் அண்டத்தின் வயதையோ வேகத்தையோ சொல்ல வரவில்லை. அண்டம் எவ்வளவு பெரிதென்று நாம் அளந்தாலும் அதைத் தூசியாக்கும் ஒன்றைப் பாடுகிறார். அதை இயற்பியல் குறிப்பாக மாற்றினால் பாட்டின் உயரம் போய்விடுகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. சைவ சித்தாந்தம் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றையும் அநாதி, அதாவது தொடக்கம் இல்லாதவை என்கிறது. உலகம் ஒடுங்கும், மறுபடி தோன்றும். ஒரே ஒரு முதல் நொடி அதற்குத் தேவையே இல்லை.

உண்மையில் கிறிஸ்தவ மெய்யியலுக்கும் தேவை இல்லை. லூவேனில் லெமைத்ரே படித்தது தாமஸ் அக்குவைனாஸின் மரபு. பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே அவர், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது என்று வாதிட்டார். என்றென்றும் இருந்துவரும் உலகமாக இருந்தாலும் அது கடவுளைச் சார்ந்தே இருக்கும் என்றார். பாட்டு இருப்பது பாடகர் பாடுகிற வரைக்கும்தான். முதல் சுரத்துக்கு மட்டுமல்ல, நடுவில் வரும் ஒவ்வொரு சுரத்துக்கும் பாடகர் வேண்டும். படைப்பு என்று அக்குவைனாஸ் சொன்னது இந்தச் சார்பை. முதல் நொடியில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் அல்ல. இயற்பியல் சொல்வதோ ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரம் எந்த விதிப்படி வருகிறது என்பது.

இந்த வேறுபாடு பிடிபட்டால், பிற்காலத்தில் வந்த பெரிய கேள்வியும் அவ்வளவு பயமுறுத்தாது. 1981-இல் வத்திக்கானிலேயே நடந்த ஒரு மாநாட்டில் ஸ்டீஃபன் ஹாக்கிங் ஒரு புதிய எண்ணத்தை முன்வைத்தார். 1983-இல் ஜேம்ஸ் ஹார்ட்டிலோடு சேர்ந்து அதைக் கணிதமாக்கினார். பூமியில் தென்துருவத்துக்குத் தெற்கே எதுவும் இல்லை. அங்கே விளிம்பும் இல்லை, சுவரும் இல்லை, வழவழப்பாக வளைந்து போகிறது. காலமும் ஆதியில் அப்படி வளைந்துவிட்டால் பிரபஞ்சத்துக்குத் தொடக்க விளிம்பே இருக்காது. அப்படியானால் படைத்தவருக்கு என்ன வேலை என்று கேட்டார் ஹாக்கிங். முதல் நொடியில் சாவி கொடுத்துவிட்டுப் போன கடவுளுக்கு அது சரியான கேள்வி. ஒவ்வொரு சுரத்திலும் இருப்பவருக்கு அது எட்டவில்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று இதனால் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. லெமைத்ரேயும் சொன்னதில்லை. தான் பார்க்கிறவரை இந்தக் கோட்பாடு மதம் சார்ந்த எந்தக் கேள்விக்கும் முழுக்க வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவருக்கும் அது தடை போடவில்லை என்று 1958-இல் இயற்பியலாளர்கள் கூடும் சால்வே மாநாட்டில் அவர் பேசினார்.

அந்தக் கோட்பாட்டுக்கு வானத்திலிருந்து வரவேண்டிய சாட்சி மட்டும் பாக்கி இருந்தது. ஆதியில் எல்லாம் சூடாக இருந்திருந்தால் அந்தச் சூட்டின் மிச்சம் எங்காவது இருக்க வேண்டும். பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது வெப்பம் 3,000 கெல்வினுக்கு இறங்கியது. எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின. அதுவரை மூட்டத்தில் சிக்கியிருந்த ஒளி விடுபட்டது. அதன் பின் பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. அலையும் அத்தனை மடங்கு நீண்டிருக்கும். 3,000-ஐ 1,100-ஆல் வகுத்தால் 2.7 கெல்வின். 1964-இல் அமெரிக்காவின் ஹோல்ம்டெல்லில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றில், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவில் வரும் இரைச்சலைக் கேட்டார்கள். ஆன்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து வெளியேற்றி, எச்சத்தைத் துடைத்து எடுத்தார்கள். இரைச்சல் போகவில்லை. 1965-இல் அது என்ன என்று தெரிந்தது.

அப்போது லெமைத்ரேவுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது, உடம்பு சரியில்லை. அந்தச் செய்தியை அவரிடம் கொண்டுபோய்ச் சொன்னவர், அவரோடு வேலை செய்த ஓடோன் கோடார். 1966 ஜூன் 20 அன்று லெமைத்ரே லூவேனில் காலமானார்.