பகா எண் என்று புரோகிராம் சொன்னால் நம்பிவிடலாமா?

கணக்கு சம்பந்தப்பட்ட மென்பொருள் எழுதுவது என் வேலை. யாராவது பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) கண்டுபிடிக்கும் புரோகிராம் என்று கொண்டு வந்தால் நான் முதலில் கொடுத்துப் பார்ப்பது 4294967297. பார்க்க அப்பாவி எண். ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 59, அதனால் 3-ஆலும் வகுபடாது. 7, 11, 13 என்று போய்க்கொண்டே இருந்தாலும் மீதி வந்துகொண்டே இருக்கும்.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே வந்தால் இதே குடும்பத்தில் முன்னால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதைப் பிற்பாடு அவரே நிரூபித்தார். அது தெரிந்தால் 193, 257, 449, 577, 641 என ஐந்தாவது முயற்சியிலேயே பிடித்துவிடலாம், கையாலேயே!

புரோகிராம்கள் எங்கே கோட்டை விடுகின்றன? 2-ஐ இந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, இந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1. அதை மட்டும் பார்த்துப் பகா எண் என்று சொல்லிவிடும்போதுதான். பகா எண் என்றால் கட்டாயம் அப்படி வரும், ஆனால் அப்படி வருவதெல்லாம் பகா எண் இல்லை. இதுபோல ஏமாற்றுபவற்றுக்குப் போலிப் பகா எண் என்று பெயர். நானும் ஆரம்பத்தில் 2-ஐ மட்டும் வைத்துச் சோதித்து ஏமாந்தவன்தான். 2-க்குப் பதில் 3-ஐப் போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். 64 பிட்டுக்குள், அதாவது 64 இரும இலக்கங்களுக்குள் (0, 1), அடங்கும் எண் என்றால் 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களையும் வைத்து இதே சோதனையின் கறாரான வடிவமான மில்லர்-ராபின் சோதனை செய்யுங்கள், விடை தப்பாது.

அப்புறம் இன்னொரு வில்லங்கம். இரும வடிவில் இந்த எண் ஒரு 1, முப்பத்தொரு பூஜ்யம், மறுபடி ஒரு 1, மொத்தம் 33 பிட். 32 பிட் பெட்டிக்குள் திணித்தால் முதல் 1 வெளியே விழுந்து, மிச்சம் வெறும் 1 மட்டும் நிற்கும். புரோகிராம் அந்த 1-ஐச் சோதித்துவிட்டு ‘பகா எண் இல்லை’ என்று சரியான விடையைச் சொல்லும், எண்ணே கைமாறிப் போனது யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லாமல் காரணியையும் காட்டு என்று கேட்பேன். 641 வந்தால் மேற்கொண்டு பேசுவோம்.