மரை கெடுவது கடைசி இறுக்கத்திலா?

கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) கட்டுபவர்கள் வழுக்கிப்போன போல்ட்டைக் காட்டி, "கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டேன்" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் பல நேரம் காரணம் வேறு. முதல் மூன்று சுற்றிலேயே போல்ட் கோணலாகக் கடித்திருக்கும், அல்லது பிட்ச்சே (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) ஒத்திருக்காது. ஏற்கெனவே கெட்டிருந்த மரையைக் கடைசி இறுக்கம் வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

கம்பெனி காரில் இந்தக் குழப்பம் குறைவு. கிட் காரில் பழைய காரிலிருந்து எடுத்த பாகம், கிட்டோடு வந்தது, தனியாக வாங்கியது என்று எல்லாம் கலந்திருக்கும். மில்லிமீட்டர் மரையும் அங்குல மரையும் ஒரே டப்பாவில் கிடக்கும். இதில் மிக ஆபத்தானது பிரேக் பைப் நட். எம் 10 (10 மி.மீ. விட்டம்), பிட்ச் 1.0 மி.மீ. ஒன்று; 3/8 அங்குல யு.என்.எஃப் (நெருக்கமான அங்குல மரை), அங்குலத்துக்கு 24 மரை, இன்னொன்று. அங்குல நட்டின் விட்டம் 9.5 மி.மீ.தான் என்பதால் எம் 10 துளைக்குள் லொடலொடவென்று இறங்கிவிடும். மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும்; இறுக்கும்போதே உரிந்துவிடலாம், அல்லது பிடித்ததுபோல் இருந்துவிட்டு பிரேக் அழுத்தத்தில் கைவிடலாம். 5/16 அங்குல போல்ட்டும் எம் 8 போல்ட்டும் விட்டத்தில் 0.06 மி.மீ. மட்டுமே வேறுபடும். வெர்னியர் மட்டும் போதாது, பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று போய்ப் பிடித்துக்கொண்டால் ஸ்பேனரைத் தேடாமல் வெளியே எடுங்கள்.

பவுடர் கோட்டிங் அடித்த சேஸியில் (காரின் அடிச்சட்டம்) மரைக்குள்ளும் பூச்சு இறங்கியிருக்கும். மரையைத் துப்புரவு செய்யும் சேசர் விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே போல்ட் போட வேண்டும். புதிதாக மரை வெட்டும் டேப்பை இதற்கு விட்டால் நல்ல உலோகத்தையும் சுரண்டிவிடும். அடி மூடிய துளை என்றால் கூடுதல் கவனம் தேவை. உள்ளே துகளோ எண்ணெயோ தேங்கியிருந்தால் போல்ட் அடியில் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்குவிசை வந்ததும் ஒலி தரும் ஸ்பேனர்) 'டக்' என்னும், பாகமோ ஆடிக்கொண்டிருக்கும். எண்ணெய் அடைபட்டால் அலுமினிய வார்ப்பே விரிசல் விடக்கூடும். போல்ட் இறங்கிய பிறகு அடியில் 2, 3 மி.மீ. இடம் மிஞ்சுகிறதா என்று ஆழம் அளந்து பாருங்கள்.

போல்ட்டை வைத்ததும் முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் லேசாக ஒரு துள்ளல் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம், குறைந்தது நான்கு சுற்று, விரலால் மட்டும். ஒரு பாகத்துக்குரிய எல்லா போல்ட்டையும் இப்படி ஏற்றிய பிறகுதான் எதையும் இறுக்கலாம். ஒன்றை முதலில் இறுக்கினால் மற்ற துளைகள் விலகிக் கோணலாகிவிடும். வேகமாகச் சுழற்றி இறுக்கும் இம்பாக்ட் கன்னுக்கு இந்தக் கட்டத்தில் வேலையே இல்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) அதால் ஓட்டினால் சூட்டில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்குவது என்று கையேட்டில் அளவு இருந்தால் அதுவே இறுதி. இல்லாதபோது, எண்ணெய் படாத, 8.8 வலிமைத் தர எஃகு போல்ட்டுக்கு, எஃகு மரையில், எம் 6 என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம் 8 என்றால் 25, எம் 10 என்றால் 50. அதிகம் முறிவது எம் 6தான். 25 செ.மீ. கைப்பிடியில் நான்கு கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே அதன் 10 வந்துவிடும். 20 முதல் 200 வரை அளக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு உதவாது. சிறியது ஒன்று தனியாக வேண்டும். 'டக்' என்றதும் நிறுத்துங்கள், உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை இழுக்க வேண்டாம். கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி உராய்வில் போய்விடுகிறது. எனவே மரையில் கிரீஸ் தடவிவிட்டு உலர்ந்த நிலைக்கான அளவையே வைத்தால் போல்ட் மிதமிஞ்சி இழுபடும். அலுமினியத்தில் போல்ட் தன் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழமாவது இறங்கியிருக்க வேண்டும். எம் 8 என்றால் 12 முதல் 16 மி.மீ.

ரெஞ்ச் திரும்புகிறது, எதிர்ப்பு மட்டும் கூடவில்லை என்றால் போல்ட் நீள்கிறது அல்லது மரை உரிகிறது. உடனே நிறுத்திக் கழற்றுங்கள். அதே அளவுப் புது போல்ட் ஒன்றை அதன் பக்கத்தில் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால், நீண்டுபோனதில் இடைவெளி தெரியும். மரைக்குள் சுருள்சுருளாக வெள்ளி இழை இருந்தால் உரிந்தது துளைதான்.

உரிந்த அலுமினியத் துளைக்குக் கம்பிச்சுருள் இன்சர்ட் நல்ல தீர்வு. முறையாகப் போட்டால் பழைய மரையைவிட உறுதி. அதற்குரிய டிரில்லும் டேப்பும் தனி, சாதாரண டேப் பொருந்தாது. சுருள் மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். சீட் பெல்ட் பிடிமானத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அங்கே பொதுவாக 7/16 அங்குல யு.என்.எஃப் இருக்கும்; அது கெட்டால் அந்தப் பிடிமானத்தையே வெட்டி எடுத்து, தகுதியுள்ள வெல்டரிடம் புதிது வைக்கச் சொல்லுங்கள்.