முழங்கால் எம்.ஆர்.ஐ. படத்தில் குருத்தெலும்பு

முழங்கால் எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு என்னிடம் வருபவர்களில் பலர் முதலில் கேட்பது, "ஜவ்வு கிழிஞ்சிடுச்சா டாக்டர்?" என்பதுதான். தசைநார், மெனிஸ்கஸ் (மூட்டெலும்புகளுக்கு இடையே இருக்கும் பிறை வடிவ மெத்தை), குருத்தெலும்பு ஆகிய மூன்றையும் நாம் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் படத்தில் அவை வெவ்வேறாகத் தெரிகின்றன, அவற்றுக்கான சிகிச்சையும் வேறுபடுகிறது.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்புகளுக்கிடையே இடைவெளி குறைந்திருந்தால் அது தேய்ந்திருக்கலாம் என்று ஊகிக்க முடியுமே தவிர, எக்ஸ்ரே இயல்பாக இருப்பதை மட்டும் வைத்துக் குருத்தெலும்பு நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. எம்.ஆர்.ஐ.யோ உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைக் கொண்டு படம் உருவாக்குகிறது. குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை நீர்தான்.

கொழுப்பை அடக்கி எடுக்கும் படங்களில் மூட்டுத் திரவம் வெண்மையாகவும் எலும்பு இருண்டும் தெரிய, இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்பு சாம்பல் பட்டையாக அமைந்திருக்கும். மெனிஸ்கஸ் கருப்பாக இருப்பதால் அதைப் பிரித்தறிவது எளிது. சாம்பல் பட்டையிலும் எலும்பை ஒட்டிய பகுதி சற்றுக் கருமையாக இருக்கும். அங்கே கொலாஜன் என்னும் புரத இழைகள் எலும்புக்குச் செங்குத்தாக நெருங்கி நிற்பதே காரணம். உடலிலேயே மிகத் தடித்த குருத்தெலும்பு முழங்கால் சில்லின் பின்புறத்தில் இருப்பதால், இந்த அடுக்குகளை அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

விரிசல் விழுந்தால் அதற்குள் திரவம் புகுந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். அது பட்டையின் பாதி ஆழத்துக்குள் நின்றால் கிரேடு 2, பாதியைத் தாண்டினால் கிரேடு 3, எலும்பு வரை எட்டினால் கிரேடு 4. பரப்பு உடையாமல் நிறம் மட்டும் மாறியிருப்பது கிரேடு 1.

நான் மிகவும் தயங்கி எழுதுவது இந்த கிரேடு 1ஐத்தான். கொலாஜன் இழைகள் ஸ்கேனரின் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில், நோயில்லாத குருத்தெலும்பும் சில வகைப் படங்களில் வெளிறித் தெரியும். தொடையெலும்பின் வளைவில் இது இயல்பாகவே நேர்கிறது. எனவே இந்த விளைவு குறைவாக இருக்கும் வேறு வகைப் படத்திலும் அதே மாற்றம் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே எழுதுகிறேன்.

குருத்தெலும்புக்கு நரம்புகள் இல்லை. ஆகவே அதன் கிரேடும் உங்கள் வலியும் ஒத்துப்போக வேண்டியதில்லை. கிரேடு 3 இருந்தும் வலியின்றி நடப்பவர்கள் உண்டு. பட்டையைப் பார்த்து முடித்ததும் அதன் அடியிலுள்ள எலும்பில் வெண்மையான நீர்க்கோப்பு இருக்கிறதா, மூட்டின் உள்ளுறை தடித்திருக்கிறதா என்று தேடுவது, வலி அங்கிருந்து வரலாம் என்பதால்தான்.