சம்பளமில்லாச் சட்டாம்பிள்ளைகள்

பி.எட். இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. பாடக்குறிப்பு எழுத வேண்டும், சார்ட் ஒட்ட வேண்டும், ரெக்கார்டு நோட்டுக்குக் கையெழுத்து வாங்க அலைய வேண்டும். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் விடைத்தாள் திருத்தும் வேலையும் தலையில் விழும். இத்தனைக்கும் நடுவே, “முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட யார் வருகிறீர்கள்?” என்று கேட்டால் சில கைகள் உயரத்தான் செய்கின்றன. காசும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. மிஞ்சினால் ஒரு சான்றிதழ். பிறகு எதற்காக வருகிறார்கள்?

நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். உளவியலாளர்கள் அத்தோடு விடவில்லை. கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் முதலியோர் 1998இல் தன்னார்வலர்களின் நோக்கங்களை அளக்க 30 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்றை வெளியிட்டார்கள். அது நோக்கங்களை ஆறாகப் பிரிக்கிறது: பிறருக்கு உதவ வேண்டும் என்ற கொள்கை, கற்றுக்கொள்ளும் ஆசை, கூட்டாளிகளோடு சேர்ந்திருப்பது, வேலைக்கு உதவும் என்ற கணக்கு, மனச்சுமையிலிருந்து தப்பிப்பது, தன்மேல் தனக்கே மதிப்புக் கூடுவது. ஒரே ஆளிடம் இவற்றில் இரண்டு மூன்று கலந்திருப்பது சகஜம்.

இவற்றில் எது ஆளை நிறுத்திவைக்கிறது? ஆலன் ஓமோட்டோவும் ஸ்னைடரும் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிவந்த 116 தன்னார்வலர்களை இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தியாக உணர்வோடு வந்தவர்கள்தான் கடைசிவரை நிற்பார்கள் என்று நாம் நினைப்போம். அங்கே நீண்ட காலம் நின்றவர்களோ, தனக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று வந்தவர்கள்: புரிந்துகொள்ள, வளர, தன்மதிப்பைக் கூட்டிக்கொள்ள. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதற்கு ஒத்துப்பாடவில்லை. ஆனாலும் சுயநலம் கலந்த சேவை சீக்கிரம் வாடிவிடும் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு நன்றாகவே அசைத்துவிட்டது.

சரி, ஆசிரியப் பயிற்சி மாணவருக்கு அப்படி என்ன கிடைக்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

பயிற்சி ஆசிரியர்களின் கவலைகள் பற்றி ஃபிரான்சஸ் ஃபுல்லர் 1969இல் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. தொடக்கத்தில் அவர்களுடைய கவலை தங்களைப் பற்றியதாகவே இருக்கிறது: வகுப்பு எனக்கு அடங்குமா, மேற்பார்வையாளர் என்ன நினைப்பார், எனக்குத் தெரியாததை ஒரு பையன் கேட்டுவிட்டால்? மாணவருக்கு என்ன புரிந்தது என்ற கவலை பின்னால்தான் வருகிறது. கடைசி பெஞ்சில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் வேறென்ன தோன்றும்?

ஒரு சின்னத் திறனை மட்டும் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் மைக்ரோ டீச்சிங்கில் கூட்டம் குறைவு, ஆனால் அதில் வேறொரு கோளாறு. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இந்தப் பயிற்சியின் இந்திய வடிவத்துக்கு மொத்தம் 36 நிமிடம்: ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்துக் கேட்பு, பன்னிரண்டு நிமிடம் திருத்தம், மறுபடி ஆறு நிமிடம் பாடம், மறுபடி ஆறு நிமிடம் கருத்து. எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது சக பயிற்சியாளர்கள். ஒளிச்சேர்க்கை என்றால் என்னவென்று முதுகலை முடித்தவர் தெரியாதமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கை தூக்குவார். திறன் பழக இது உதவும். உண்மையிலேயே புரியாத ஒரு முகத்தை அங்கே பார்க்க முடியாது.

ஜூனியருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அக்கா, அறிதல், புரிதல் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாடக்குறிப்புல ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதி வெச்சிருக்கேன்” என்று ஒரு முதலாண்டுப் பெண் வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சீனியர் முதலில் புத்தக விளக்கத்தைச் சொல்வார். எதிர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அடுத்து, “வாய்ப்பாட்டை ஒப்பிச்சா அறிதல். நாலேழும் ஏழுநாலும் ஏன் ஒண்ணாவே வருதுன்னு சொல்லத் தெரிஞ்சா புரிதல்” என்பார். இப்போது அந்த முகம் மாறும். இங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை, அடக்கிவைக்க வகுப்பும் இல்லை. ஃபுல்லர் சொன்ன முதல் கவலைக்கு வேலையே இல்லாததால் கவனம் நேராக எதிரில் இருப்பவர்மேல் போகிறது. தன்னார்வம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஆசைதான் என்பது என் கணிப்பு: பரீட்சை பயமில்லாமல் கொஞ்ச நேரம் ஆசிரியராக இருந்து பார்ப்பது.

பாடமும் இதில் கெட்டியாகிறது. ‘பெட்டியின் மூளை’ (Betty’s Brain) என்றொரு கணினி மென்பொருளை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்களுக்காகப் படித்ததைவிட, திரையில் இருந்த கற்பனை மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் படித்தபோது அதிக நேரம் செலவிட்டார்கள். அதிகமாகவும் கற்றார்கள். கற்பனைப் பிள்ளைக்கே இவ்வளவு பொறுப்பு!

ஜூனியருக்கும் லாபம் உண்டு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே சிறு குழுக்களுக்கு டியூட்டராக இருக்கும் முறையை ஹென்க் ஷ்மிட், ஜோஸ் மூஸ்ட் இருவரும் ஆராய்ந்தார்கள். பேராசிரியருக்குப் பாட அறிவு கூடுதல். மாணவ டியூட்டருக்கோ எங்கே தடுக்கிவிழுவார்கள் என்று தெரியும், போன வருடம் அவரே அங்கே விழுந்தவர்தானே.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1789இல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார், ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார், காரியம் நடந்தது. 1797இல் லண்டனில் அவர் அதைப் புத்தகமாகப் போட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைகளைப் போலவே இந்தப் பையன்களும் நியமிக்கப்பட்டவர்கள். யாரும் தாமாகக் கை தூக்கவில்லை.

தாமாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் இன்னும் உற்சாகமாக வருவார்களா? இஸ்ரேலில் பள்ளி மாணவர்களை வீடு வீடாக நன்கொடை வசூலிக்க அனுப்பிப் பார்த்தார்கள் யூரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும். வசூலில் நூற்றுக்கு ஒன்று கமிஷன் பெற்ற குழுதான் ஆகக் குறைவாக வசூலித்தது. நூற்றுக்குப் பத்து பெற்ற குழு அதைவிடப் பரவாயில்லை. ஒன்றும் பெறாத குழுதான் முதலிடம். சில்லறை கையில் வந்ததும் சேவை கூலி வேலையாகி, கூலியோ கட்டுபடியாகாததாகத் தெரிகிறது.

கல்லூரிகளுக்கு இதைவிடப் பிடித்த வழி, எல்லோருக்கும் கட்டாயமாக்கி இன்டர்னல் மதிப்பெண்ணில் சேர்த்துவிடுவது. ஆர்தர் ஸ்டுகாஸ், ஸ்னைடர், கிளாரி மூவரும் 1999இல் கட்டாயச் சேவையைச் சோதித்தார்கள். எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. தயங்கி நின்றவர்களுக்கோ, கட்டாயத்தின் பேரில் செய்த பிறகு, இனிமேல் தாமாகச் சேவைக்கு வரும் எண்ணம் குறைந்துபோயிருந்தது. அதே வேலையை அவர்கள் விருப்பத்துக்கு விட்டபோது அந்தச் சரிவு இல்லை.