குழந்தையும் விருந்தளிப்பவரே

குடும்ப ஆலோசகராக நான் சந்திக்கும் பெற்றோரில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் கிறிஸ்தவர்களும் உண்டு. விருந்தோம்பலை அவர்கள் ஒரு பாடமாகவே கருதுகிறார்கள். "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு" என்ற எபிரெயர் 13:2 அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அங்கே உபசரித்தல் என்று வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் பிலொக்செனியா. அந்நியர்மேல் கொள்ளும் அன்பு என்பது அதன் நேர்ப்பொருள். இவ்வளவு தெரிந்த வீடுகளிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. விருந்தினர் வந்ததும், அவரை வரவேற்பவர்களில் ஒருவராக இருக்க வேண்டிய குழந்தை, அவருக்குக் காட்டப்படும் பொருளாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் பெற்றோரின் ஆணவம் அன்று, பெரும்பாலும் அச்சமே. "பள்ளிக்கே போகாமல் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும், நாலு பேரோடு எப்படிப் பழகும்?" என்ற கேள்வியை உறவினரிடமும் சபையாரிடமும் கேட்டுக் கேட்டுச் சோர்ந்தவர்கள், வருகிற ஒவ்வொருவரையும் தேர்வாளராகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். விருந்தினராக ஒரு முதிய பெண்மணி வந்திருந்தார். ஏழு வயது மகளைக் கூடத்தின் நடுவே நிறுத்தி, 23ஆம் சங்கீதத்தைச் சொல்லச் சொன்னார்கள். நான்காம் வசனத்தில் அவள் தடுமாறினாள். தாய் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அவள் மறுபடியும் தடுமாறினாள். மூட்டுவலி உள்ள அந்தப் பெண்மணி சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டார். அப்போது நான்கு வயதுத் தம்பி உள்ளே போய், ஒரு நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுத்துவந்து அவர் பின்னால் போட்டான். "அக்கா சொல்லும்போது சத்தம் போடாதே" என்று அவனுக்குத் திட்டு விழுந்தது. அன்று அந்த வீட்டில் விருந்தோம்பியவன் அவன் ஒருவன்தான் என்பதைப் பெற்றோரிடம் பிறகு தனியே சொன்னேன்.

அவனுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கை நிறையப் புத்தகங்களோடு அலமாரியைத் திறக்க முடியாமல் நிற்கும் பெரியவருக்கு 18 மாதக் குழந்தைகளே தாமாகச் சென்று உதவினார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உதவியதற்குப் பரிசுப்பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு பெறாத குழந்தைகளைவிடப் பின்னர் குறைவாகவே உதவினார்கள். ஆகவே "விருந்தினர் முன் ஒழுங்காக இருந்தால் இது வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேச வேண்டாம் என்று பெற்றோரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கற்பிக்க வேண்டியது பிறருடைய தேவையைக் கவனிக்கும் பழக்கத்தை. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண், அவ்வழியே அடிக்கடி வந்துபோகும் எலிசா தீர்க்கதரிசிக்கு மாடியில் ஒரு சிறிய அறை கட்டி, அதில் கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு ஆகியவற்றை வைக்கலாம் என்று கணவனிடம் சொல்கிறாள். அந்தப் பட்டியலைப் பிள்ளைகளோடு வாசித்து, ஒவ்வொரு பொருளையும் அவள் ஏன் நினைத்திருப்பாள் என்று கேளுங்கள். பிறகு அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று அவர்களையே பட்டியல் போடச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தைகூட, "அவருக்குக் குளியலறை எங்கே என்று தெரியாதே" என்று சொல்லும்.

முன்னறிவிப்பின்றி வருபவர்கள் வேறு வகை. கணக்குப் பாடத்தின் நடுவே அழைப்புமணி அடிக்கும்போது, கதவைத் திறப்பதற்கு முந்தைய நொடியில் தாயின் முகத்தில் தோன்றுவதைத்தான் குழந்தை படிக்கிறது. அனிச்சம் மோந்தால் வாடும், விருந்தினரோ முகம் திரிந்து நோக்கினாலே வாடுவர் என்று வள்ளுவர் சொன்னது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் பொருந்தும். 1 பேதுரு 4:9 "முறுமுறுப்பில்லாமல்" உபசரிக்கச் சொல்கிறது. விருந்தினர் போன பிறகு அவரைப் பற்றி நாம் பேசுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

எல்லாப் பிள்ளைகளும் ஓடிவந்து வரவேற்பதில்லை. ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் தம்பதியர் 1956இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், ஏறத்தாழ 15 சதவீதக் குழந்தைகள் புதியவர்களோடு மெல்லவே பழகும் இயல்புடையவர்களாக இருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் துண்டு மடித்து வைப்பது, தண்ணீர் நிரப்பி வைப்பது போன்ற வேலைகளைக் கொடுத்தால், பேசாமலேயே அது விருந்தளிப்பவராகிவிடும்.

அடுத்துச் சொல்வதை எந்தப் பெற்றோரும் கடந்துபோக வேண்டாம். விருந்தோம்பல் என்பது விருந்தினர் சொல்வதற்கெல்லாம் கீழ்ப்படிவது அன்று. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல்களில் பெரும்பாலானவை முன்பின் தெரியாதவர்களால் அல்ல, குழந்தைக்கும் குடும்பத்துக்கும் அறிமுகமானவர்களாலேயே நிகழ்கின்றன. "அங்கிளுக்கு முத்தம் கொடு", "மடியில் போய் உட்கார்" என்று வற்புறுத்தும்போது, தன் உடல் பற்றிய தயக்கத்தை மரியாதைக்காக விழுங்கிவிட வேண்டும் என்று நாமே கற்பிக்கிறோம். கைகூப்புவதா, கைகுலுக்குவதா, வாயால் மட்டும் வணக்கம் சொல்வதா என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். தங்க வருபவர் சபை ஊழியராயினும் நெருங்கிய உறவினராயினும், குழந்தையின் அறையில் அவருக்குப் படுக்கை போடக் கூடாது. குழந்தையோடு தனித்திருக்கும் அறையின் கதவு மூடப்படக் கூடாது. "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் எதைச் சொன்னாலும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் முகமாற்றத்தை ஓர் ஆசிரியராவது கவனிக்க வாய்ப்புண்டு. வீட்டில் கற்கும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது ஜோடிக் கண்கள் இல்லாததால், அது மனம்விட்டுப் பேசக்கூடிய, நம்பகமான ஒரு பெரியவரேனும் வீட்டுக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கீதத்தில் தடுமாறிய அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சில மாதங்கள் கழித்து மறுபடியும் போயிருந்தேன். காது சரியாகக் கேளாத, பேசுபவரின் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளும் ஒரு பெரியவர் அன்று வருவதாக இருந்தது. அவள் ஒரு நாற்காலியை நகர்த்தி, அதன் முதுகுப்புறம் ஜன்னலை நோக்கி இருக்கும்படி வைத்துவிட்டு, எதிரே போய் நின்று தன் முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொன்னாள். அவன் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றான். அவள் நாற்காலியை மறுபடியும் நகர்த்தினாள்.