ஐந்து அட்டைகள், ஓர் ஆள்

மருத்துவர்களின் மாநாடு ஒன்றில் இரண்டாம் நாள் காலை. வருகைப்பதிவுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்க வாசலில் ஐந்து பெயர்கள் ஒரே நொடியில் பதிவாயின. அந்த வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தாலே தோள் இடிக்கும். எழுந்து போய்ப் பார்த்தேன். ஓர் இளைஞர், கழுத்தில் ஓர் அட்டை, தோள்பையில் நான்கு. ஒளித்துக்கூட வைக்கவில்லை. "சீனியர்கள் கொடுத்து அனுப்பினார்கள், சார்" என்றார்.

பல நாடுகளில் மருத்துவர்கள் தங்கள் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டும். சீனியர்களுக்குப் புள்ளி வேண்டும், உரை வேண்டாம். இதில் கருவியைக் குறைசொல்ல எதுவும் இல்லை. அட்டையைப் படிப்பது அதன் வேலை. ஐந்தையும் பிசகில்லாமல் படித்துவிட்டது. அது ஆளை எண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டது நாங்கள்தான்.

மாநாடுகளுக்கும் கண்காட்சிகளுக்கும் ஆர்எஃப்ஐடி, அதாவது அட்டைக்குள் இருக்கும் சிப்பை வானொலி அலையால் தொடாமலே படிக்கும் முறை, ஏற்பாடு செய்து தருவது என் தொழில். என்னிடம் வரும் அமைப்பாளர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "நடந்து போகும்போதே பதிவாகிவிடுமா?" என்பதுதான். ஆகும். ஆனால் அது உங்களுக்குத் தேவைதானா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அட்டைக்குள் இருக்கும் டேகில், அதாவது சிப்பும் ஆன்டெனாவும் சேர்ந்த சிறு துண்டில், பேட்டரி கிடையாது. அதைப் படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். அலையை எதிரொளித்தே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் கட்டுரை எழுதியது 1948இல். யோசனை அத்தனை பழையது. நிகழ்ச்சிகளில் பயன்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. செல்பேசியில் இருக்கும் என்எஃப்சி இந்தக் குடும்பம்தான். சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் அட்டையைக் காட்ட வேண்டும். மற்றொன்று யுஎச்எஃப், அதாவது 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. பல மீட்டர் தள்ளியிருந்தே படிக்கும், ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான டேகுகளையும் படித்துவிடும். எந்த வகை என்று முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது; தவறான வகை என்றால் பாதிச் சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடும்.

யுஎச்எஃப் அலைக்குத் தண்ணீர் ஆகாது, மனித உடலோ பெரும்பாலும் தண்ணீர். இதை வாடிக்கையாளர்களுக்கு நான் செய்தே காட்டுவதுண்டு. சட்டையிலிருந்து இரண்டு விரல் தள்ளி அட்டையைப் பிடித்தால் நான்கு மீட்டர் தூரத்திலும் ரீடர் படிக்கும். அதே அட்டையை மார்போடு அழுத்தினால் சத்தமே இருக்காது. மாநாட்டுக்கு வருபவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள், அட்டைமேல் பையை மாட்டிக்கொள்வார்கள், மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். உள்ளே இருந்தவர் விடுபட்டுப் போவது இப்படித்தான். ஆன்டெனாவை வாசலின் இரு பக்கத்திலும் தலைக்கு மேலும் வைத்தால் பெருமளவு சரியாகும், முழுக்கச் சரியாகாது. நூற்றுக்கு நூறு படிக்கும் என்று எவராவது எழுதிக் கொடுத்தால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கையானது. பலகைத் தடுப்பெல்லாம் இந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு முறை அரங்கத்துக்குள் இருந்தவர்களைவிடத் திரையில் கூட்டம் அதிகமாக இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் நின்று அரட்டை அடித்தவர்கள் எல்லோரும் உரையைக் கேட்டதாகப் பதிவாகியிருந்தார்கள். ரீடரின் திறனைக் குறைத்து, ஆன்டெனாவைச் சற்று உட்புறமாகத் திருப்பிய பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. முந்தின நாள் காலி அரங்கில் சோதித்தபோது இது தெரியவில்லை, தெரியவும் தெரியாது. சோதனைக்கு ஆள் வேண்டும். முப்பது பேரை அட்டை மாட்டி, கூட்டமாகவும் தனியாகவும் உள்ளே வெளியே நடக்க விட்டு, கையால் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"இதை வைத்தால் வரிசையே இருக்காதல்லவா?" என்பது அடுத்த கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். 2,000 பேர் 40 நிமிடத்துக்குள் வருகிறார்கள் என்று வையுங்கள், 2,400 நொடி. அட்டையைத் தட்டிவிட்டு நகர ஒருவருக்கு இரண்டு நொடி என்றால் ஒரு வாசல் 1,200 பேரைத் தாங்கும். இரண்டு வாசல் போதும். ஆனால் அந்த அட்டையை வாங்க மேசைக்கு வருகிறாரே, அங்கே பெயரைச் சரிபார்த்து, எழுத்துப்பிழையைத் திருத்தி, அச்சிட்டு, சிப்பில் எண்ணை ஏற்றிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். ஒரு மேசை 40 பேரைத்தான் அனுப்ப முடியும். 2,000 பேருக்கு 50 மேசை. வரிசை வாசலில் நிற்பதில்லை, மேசையில்தான் நிற்கிறது. அட்டைகளை முன்கூட்டியே அச்சிட்டு அனுப்பிவிடுவதோ, முந்தின மாலையே கொடுக்கத் தொடங்குவதோ எந்த ரீடரையும்விட அதிகமாக வரிசையைக் குறைக்கும். சிறிய நிகழ்ச்சி என்றால் செல்பேசியில் ஒரு கியூஆர் குறியீடே போதும். இதைச் சொல்லி நான் இழந்த வேலைகளும் உண்டு.

இணையம் போனாலும் ரீடர் தன் நினைவில் உள்ள பட்டியலை வைத்து ஆட்களை அனுமதிக்க வேண்டும், பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்ப வேண்டும். எல்லா ரீடர்களின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஒரு முறை இதில் கோட்டைவிட்டோம். ஒரு பேராசிரியர் அரங்கத்துக்குள் நுழைவதற்கு நான்கு நிமிடம் முன்பே வெளியேறியதாக அறிக்கை போனது.

அட்டைக்குள் என்ன எழுதுகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பெயர், செல்பேசி எண், மின்னஞ்சல் என எல்லாவற்றையும் சிப்பிலேயே ஏற்றிவிடுகிறார்கள். பூட்டில்லாத என்எஃப்சி அட்டையை யாருடைய செல்பேசியும் படித்துவிடும். சிப்பில் பொருளற்ற ஓர் எண் மட்டும் இருக்கட்டும். அது யாருடையது என்பது சர்வரில் இருக்கட்டும். பணம் ஏற்றிச் செலவழிக்கும் கைப்பட்டை என்றால் இன்னும் கவனம் தேவை. மைஃபேர் கிளாசிக் என்ற அட்டைச் சிப்பின் பூட்டை உடைக்க முடியும் என்று நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இலேயே காட்டிவிட்டார்கள். விலை மலிவு என்பதால் இன்னும் அது விற்பனையாகிறது. பணத்துக்கு ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் உள்ள சிப்பைக் கேளுங்கள். வெறும் சிப் எண்ணை நம்பிப் பணத்தைக் கழிக்கும் அமைப்பு வேண்டவே வேண்டாம், அந்த எண்ணை நகலெடுக்கலாம்.

தட்டும் அட்டையை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தட்டுகிறவருக்குத் தான் பதிவாகிறோம் என்று தெரியும். யுஎச்எஃப் அவரைக் கேட்காமலே படித்துவிடுகிறது. எந்தக் கடை முன் எத்தனை நிமிடம் நின்றார் என்ற பட்டியலுக்குக் கண்காட்சிகளில் நல்ல கிராக்கி. ஓர் அமைப்பாளர் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் ஆன்டெனா கேட்டார், கூட்ட ஓட்டத்தை அறியவாம். முடியாது என்றேன். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் முன்னுரையில், மனிதர்களை அடையாளம் காட்டக்கூடியவற்றுக்கு எடுத்துக்காட்டாக ஆர்எஃப்ஐடி டேகின் பெயரே இருக்கிறது. சட்டம் இருக்கும் நாடோ இல்லாத நாடோ, எங்கே படிக்கிறோம், எதற்கு, எப்போது அழிப்போம் என்று வாசலில் ஒரு பலகை வைத்துவிடுங்கள். வேண்டாம் என்பவருக்கு டேக் இல்லாத அட்டை கொடுங்கள்.

அந்த ஐந்து அட்டைகளுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மறுநாள் தூரத்திலிருந்து படிப்பதை நிறுத்திவிட்டு, தட்டினால் பதிவாகும்படி மாற்றினோம். தட்டியதும் அட்டைக்காரரின் படம் தன்னார்வலரின் திரையில் வரும். நுழைவு மெதுவாயிற்று, சிலர் முணுமுணுத்தார்கள். அதே இளைஞர் வந்தார், தன் அட்டையைத் தட்டினார், பைக்குள் கையை விட்டார். திரையைப் பார்த்தார். கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கடைசி நாள் மாலை மேசையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மையார் தன் அட்டையை நீட்டி, "வெளியே போன பிறகும் இது என்னைச் சொல்லிக்கொண்டே இருக்குமா?" என்று கேட்டார். எங்கள் ரீடர்கள் அணைந்துவிட்டன, ஆனால் வேறு எவராவது படித்தால் எண்ணைச் சொல்லும் என்றேன். விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன். ஆன்டெனாவின் கோடுகளுக்கு நடுவே கடுகைவிடச் சின்னதாகச் சிப் தெரிந்தது. கத்தரிக்கோல் வாங்கி, சரியாக அந்த இடத்தில் அவரே வெட்டினார். பெயர் இருந்த பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.